முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே

நான் எக்ஸ்ரே எடுப்பவள். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கும் சின்ன சென்டர் அது. வண்டியில் அடிபட்டவர்கள், படியில் வழுக்கியவர்கள் என்று எத்தனையோ கைகால்களை அந்த மேஜையில் நேராக வைத்துப் படம் எடுத்திருக்கிறேன். அதனால்தான் என் மகள் கால்பந்து ஆட வேண்டும் என்று கேட்டபோது மற்ற அம்மாக்களைவிட எனக்கு அதிகம் பயம் வந்தது. ஒரு குழந்தை மைதானத்தில் விழுந்தால் மற்றவர்களுக்கு விழுந்தது மட்டும் தெரியும். எனக்கு அது எழுந்திருப்பதற்குள் எக்ஸ்ரே படமே கண்ணில் வந்துவிடும்.

ஆனாலும் அனுப்பினேன். அவளுக்கு அப்போது பத்து வயது. என் அப்பா வீட்டார் தங்கவயலிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு ஆண்கள் எல்லோரும் பந்தாடியவர்கள். பெண்கள் யாரும் மைதானத்துக்குள் இறங்கியதில்லை. முதலில் இறங்க நினைக்கிறவளை நான் தடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பயிற்சியாளர் கொடுத்த படிவத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பூட்ஸ், நீளமான காலுறை, அதற்குள் கணைக்காலில் அடிபடாமல் தடுக்கும் பேடு எல்லாம் வாங்கினேன். பேடு வாங்க மட்டும் நான்கு கடை ஏறி இறங்கினேன். கடைக்காரர் ஒரு பேடைத் தரையில் போட்டு, மேலே ஏறி நின்று காட்டினார். அதைத்தான் எடுத்தேன்.

மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஊருக்கு வெளியே சந்தாபுராவில் ஒரு ஆட்டம் வந்தது. ஊரின் வெளிப்புற டீம்களும் நகரத்து டீம்களும் மாறி மாறி, ஒரு முறை அங்கே, ஒரு முறை இங்கே ஆடுவார்கள். சந்தாபுரா டீமில் தடுப்பாட்டக்காரி ஒருத்தி. என் மகளைவிட ஒரு தலை உயரம். இரட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்தாள். என் மகள் ஓரமாக ஓடி வருபவள் என்பதால் இருவரும் ஆட்டம் முழுக்க எதிரும் புதிருமாகவே நின்றார்கள்.

பந்து வேறெங்கோ இருக்கும்போது அந்தப் பெண் மெதுவாக நடந்து வந்து என் மகளின் பாதத்தின்மேல் தன் பாதத்தை வைத்து நின்றாள். அழுத்தவில்லை, சும்மா வைத்தாள். ரெஃப்ரி திரும்பினால் எடுத்துவிடுவாள். ஏதோ சொல்லவும் செய்தாள். நான் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று அவள் வாய் அசைவதை மட்டும் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் கேட்டேன்.

"என்னடி சொன்னா அவ?"

"ஒண்ணுமில்ல மம்மி."

"சொல்லு."

"பால் வந்தா விட்டுடு, எடுத்தேன்னா கால் இருக்காதுன்னா."

"நீ என்ன சொன்ன?"

"விட்டுட்டேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த ஞாயிறும் வயிற்றுவலி. அந்த இரண்டு ஞாயிறும் எதிர் டீம் சந்தாபுரா இல்லை. இருந்தும் வலித்தது. மூன்றாவது ஞாயிறு வலுக்கட்டாயமாக அழைத்துப் போனேன். பந்து தன்னை நோக்கி வந்ததும் கையை முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நின்றாள். ஓரத்தில் நின்ற யாரோ ஒரு அப்பா, "ஏய் பாப்பா, அது பந்துதான், பாம்பில்ல!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

நிறுத்திவிடலாமா என்று நூறு முறை யோசித்தேன். இன்று பயந்து இதை விட்டால் நாளை கணக்குப் பாடத்தையும் விடுவாள், வேலையையும் விடுவாள் என்று ஒரு மனம் சொன்னது. கால் உடைந்தால் நீதான் அந்தப் படத்தை எடுப்பாய் என்று இன்னொரு மனம் சொன்னது. என் கணவர் டிவியில் இரவு பகலாகக் கால்பந்து பார்ப்பவர், காலால் பந்தைத் தொட்டவர் இல்லை. அவரிடம் கேட்டேன்.

"இதுல என்ன இருக்கு? முதல் டேக்கிள் யார் போடறாங்களோ, முதல்ல யார் இடிச்சுப் பந்தைப் பறிக்கறாங்களோ, அவங்களுக்குத்தான் மேட்ச்," என்றார். "ஆரம்பத்துலயே ஒண்ணு போட்டுட்டா ரெஃப்ரி கார்டு எடுக்க மாட்டான். வார்னிங்தான் குடுப்பான். அப்புறம் அவ இவ பக்கமே வர மாட்டா."

அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் சேர்த்தேன்.

சந்தாபுரா டீம் எங்கள் மைதானத்துக்கு வர இருந்த ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், மகளைச் சோபாவில் உட்காரவைத்துப் பேடைக் கட்டிவிட்டேன். அவள் கணைக்காலின் நடுப்பகுதியில், பேடின்மேல், என் விரலை வைத்தேன்.

"இங்க பாரு. நாளைக்கு முதல் பந்து அவகிட்ட வந்ததும் நீ ஓடிப்போய் இடிக்கணும். பந்தையும் சேத்து இடிக்கணும். அவ கால் எங்க இருக்குன்னு பாத்துக்கோ. முழங்கால்ல படக் கூடாது. கணுக்கால்லயும் படக் கூடாது. இங்கதான். இதுக்கு மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

"அவளுக்கு வலிக்காதா?"

"பேடு இருக்கில்ல? கடைக்காரர் ஏறி நின்னாரே, ஞாபகமில்ல? சத்தம்தான் வரும், வலிக்காது."

இதை யோசிக்காமல் சொல்லவில்லை என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. வளரும் குழந்தைகளுக்கு எலும்பு நீள்வது அதன் இரண்டு முனைகளில்தான். அங்கே அடிபட்டால் கால் வளைந்துபோகலாம், குட்டையாகிப் போகலாம். அதனால் அந்தப் பெண்ணின் முழங்காலையும் கணுக்காலையும் நான் காப்பாற்றினேன். நடுவில் பேடு இருக்கிறது; நடுவில் அடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, பயம் மட்டும் கைமாறும். படித்த படிப்பையும் பார்த்த வேலையையும் வைத்து, இரண்டு குழந்தைகளுக்கும் நல்லது செய்வதாகவே நினைத்தேன். மகளை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தேன். "மேலயும் இல்ல, கீழயும் இல்ல," என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

மறுநாள் காலை முந்தின நாள் மழையில் மைதானம் ஈரமாக இருந்தது. சந்தாபுரா டீம் ஒரு டெம்போவில் வந்து இறங்கியது. அவர்களுடன் அவர்களுடைய பயிற்சியாளர் மட்டும்தான் வந்திருந்தார். அம்மா அப்பா யாரும் வரவில்லை. அந்த உயரமான பெண் வரும்போதே என் மகளைப் பார்த்து, "ஏய் குட்டி, வயித்துவலி போச்சா?" என்றாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தைகளுக்குள் எல்லாம் தெரிந்துவிடுகிறது.

விசில் ஊதி மூன்று நிமிடம்கூட இருக்காது. பந்து அந்தப் பெண்ணிடம் வந்தது. அவள் ஒரு காலை ஊன்றி மறு காலால் அதை நிறுத்தினாள். என் மகள் ஓடினாள். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. கடைசி இரண்டடியில் ஈரத்தில் சறுக்கிக்கொண்டு போய், பந்தைத் தட்டி, அதே வேகத்தில் அந்த ஊன்றிய காலில் மோதினாள்.

"சூப்பர் டேக்கிள்!" என்று கத்தினார், அன்று பாம்பைச் சொல்லிக் கத்திய அதே அப்பா. ரெஃப்ரி பந்தைக் காட்டி, ஆடுங்கள் என்று கையை அசைத்தார். நான் கை தட்டினேன். இந்த ஒரு வரியை விட்டுவிடலாமா என்று இதை எழுதும்போது நெடுநேரம் யோசித்தேன். கை தட்டினேன்.

அந்தப் பெண் எழவில்லை. கத்தவும் இல்லை. காலைப் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு கைகளையும் காலுக்குச் சற்று மேலே காற்றில் வைத்துக்கொண்டிருந்தாள். தொடவே பயப்படுகிறவர்கள் அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள். எங்கள் சென்டரின் படியேறி வருகிறவர்களில் யாருக்கு உடைந்திருக்கிறது, யாருக்கு உடையவில்லை என்று அந்தக் கைகளை வைத்தே சொல்லிவிடுவேன்.

கயிற்றைத் தாண்டி ஓடினேன். காலை யாரும் தூக்க வேண்டாம் என்று சொல்லி, இரண்டு குடைகளை இரண்டு பக்கமும் வைத்துத் துண்டால் கட்டினேன்.

அவர்களுடைய பயிற்சியாளர் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு ஃபோன் செய்தார். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் ஞாயிறு ஷிஃப்ட். ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் பயிற்சியாளர் என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்க சென்டருக்கே கூட்டிட்டுப் போலாமா?"

"டாக்டர் சீட்டு வேணும் சார். சீட்டு இல்லாம எடுக்க முடியாது," என்றேன். அந்த நேரத்திலும் அதைச் சொன்னேன். பக்கத்து கிளினிக்கில் சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். சென்டரில் ஞாயிறு ட்யூட்டிப் பையன் சாப்பிடப் போயிருந்தான். அவன் வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஈய அங்கியை நானே மாட்டிக்கொண்டேன்.

மேஜையில் படுக்கவைத்து, பூட்ஸின் கயிற்றை வெட்டிக் கழற்றினேன். பேடு படத்தை மறைக்கும் என்பதால் அதை எடுக்கக் காலுறையைக் கத்தரியால் மேலிருந்து கீழே வெட்டினேன். உள்ளே பேடு இல்லை.

அட்டை இருந்தது. ஏதோ பார்சல் பெட்டியின் தடித்த அட்டை. கணைக்காலின் அளவுக்கு வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, ஓரம் தோலில் குத்தாமல் இருக்கச் சுற்றிலும் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தார்கள். நடுவில், என் விரல் காட்டிய இடத்தில், மழைநீரில் ஊறி மடிந்திருந்தது.

அந்த அட்டையைக் கையில் எடுத்தேன்.

"ஆண்ட்டி," என்றாள் அந்தப் பெண். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன். பக்கத்தில் பார்த்தால் உயரம்தான், முகம் என் மகளின் வயதுதான். "அத எறிஞ்சிடாதீங்க. வீட்ல திட்டுவாங்க."

"எறிய மாட்டேன்மா. கால அசைக்காத."

"உங்க பொண்ணு வேணும்னு பண்ணாளா?"

"அசைக்காம படு," என்றேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன்.

கணைக்காலின் இரண்டு எலும்புகளில் பெரியது உடைந்திருந்தது. விலகவில்லை, முனைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடுவே, நான் சொன்ன இடத்தில், குறுக்காக ஒரு கறுப்புக் கோடு.

எங்கள் பக்கத்து மைதானங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஆட்டத்தில் யாருக்காவது பெரிய அடி பட்டால், அவருடைய பூட்ஸ் அடித்தவர் கைக்குப் போகும். ஃபவுலா இல்லையா என்ற பேச்சே கிடையாது. அடித்தவர்தான் அதை அடிபட்டவரின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவரை அடுத்த ஆட்டத்தில் இறங்கக் கூடாது. பெரியவர்கள் ஆட்டத்திலிருந்து வந்த பழக்கம். எங்கள் பயிற்சியாளர் அன்று மாலை அந்த பூட்ஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் மகளிடம் கொடுத்தார்.

"பயப்படாதேம்மா. போய்க் குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசிட்டு வா. அவ்ளோதான்."

அந்த வாரம் முழுவதும் பூட்ஸ் எங்கள் வீட்டுப் பால்கனியில் இருந்தது. கழுவினால் நடந்ததை மறைப்பதுபோல் இருக்குமோ, கழுவாமல் கொடுத்தால் மரியாதை இல்லையோ என்று குழம்பினேன். கடைசியில் சேற்றை மட்டும் தட்டிவிட்டு, நான் வெட்டிய கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு கோத்தேன். அதே கடைக்குப் போய் அதே பேடு ஒரு ஜோடி வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கணவர், "நான் டிவியைப் பாத்துச் சொன்னேன். நீ போய் இடத்தைக் காட்டுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

சனிக்கிழமை மதியம் சந்தாபுரா பஸ் ஏறினோம். மகள் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் கேட்டாள்.

"மம்மி, அவங்க அம்மா கேட்டா என்ன சொல்லணும்?"

"சாரின்னு சொல்லு."

"அது சொல்வேன். ஏன் அங்க அடிச்சேன்னு கேட்டா? நானே அடிச்சேன்னு சொல்லவா, நீ சொன்னேன்னு சொல்லவா?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான், "அவங்க வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்," என்றேன். அவள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே வரிசையில் இருந்த ஐந்து வீடுகளில் மூன்றாவது அவர்களுடையது. அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தொடைவரை மாவுக்கட்டு. அதன்மேல் தோழிகள் ஸ்கெட்ச் பேனாவால் கால்பந்துகளாக வரைந்து தள்ளியிருந்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க," என்றார்.

என் மகள் பையிலிருந்து பூட்ஸை எடுத்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். "சாரி," என்றாள்.

"கயிறு புதுசு போட்டியா?" என்றாள் அந்தப் பெண்.

"மம்மி போட்டாங்க."

"கலர் நல்லால்ல."

அவளுடைய அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அக்கா, நீங்கதான் எக்ஸ்ரே எடுத்தீங்களாமே. உங்களுக்குத் தெரியும். அந்த அட்டைய நான்தான் வெட்டிக் குடுத்தேன். ஃபேக்டரி பெட்டியில இருந்து. அடுத்த மாசம் நல்ல பேடு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருந்தேன். இவங்க அப்பா, மாமியார் எல்லாம் ஒரு வாரமா அதத்தான் சொல்றாங்க. பேடு இல்லாம ஏன் அனுப்பினே, பொட்டப்பிள்ளைய ஏன் அனுப்பினேன்னு. நீங்க சொல்லுங்க, பேடு இருந்திருந்தா உடைஞ்சிருக்காதுல்ல?"

உண்மையில் அது எனக்கே தெரியாது. பேடு இருந்தும் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த அம்மா கேள்வியை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி அந்த வீட்டிலேயே தங்கிவிடும். நானும் என் மகளும் பஸ் ஏறிவிடலாம். என் மகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேடு இல்லாததால இல்லங்க," என்றேன். "நான் சொல்லிக்குடுத்துதான் என் பொண்ணு அங்க அடிச்சா. முதல் நாள் சாயங்காலம் உக்காரவெச்சுச் சொல்லிக்குடுத்தேன். உங்க பொண்ணு பயமுறுத்துறான்னு. பேடு இருக்கும்னு நெனச்சேன். தப்பு என் மேலதான். உங்க மேல இல்ல."

அவர் மகளின் மாவுக்கட்டைப் பார்த்தார்.

"எங்க அடிக்கச் சொன்னீங்க?"

நான் புடவையை லேசாகத் தூக்கி என் காலிலேயே விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தைப் பார்த்தார்.

"படிச்சவங்கதானே நீங்க," என்றார்.

கட்டிலிலிருந்து அந்தப் பெண் குரல் கொடுத்தாள். "அம்மா, நான்தான் மொதல்ல அவ கால மிதிச்சேன். அவ நல்லா ஓடுவா. நிறுத்தலன்னா கோல் போட்டுடுவா. அதான் சும்மா பயமுறுத்துனேன்."

"நீ வாய மூடு." அந்த அம்மா என்னிடம் திரும்பினார். "சண்ட போடணும்னுதான் இருக்கு எனக்கு. போட்டா பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். கேட்டா, பாரு, ஆட அனுப்பி வந்த வினையப் பாருன்னு அதுக்கும் என்னத்தான் சொல்வாங்க. இவ இனிமே ஆடுறது எப்படியும் கஷ்டம்தான்."

"நான் ஆடுவேன்," என்றாள் அந்தப் பெண். பிறகு என் மகளைப் பார்த்து, "கட்டு பிரிச்சதும் வர்றேன் குட்டி. பாத்துக்கோ உன் கால," என்றாள். என் மகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"டீ போடறேன், குடிச்சிட்டுப் போங்க," என்றார் அந்த அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அந்த டீயைக் குடித்தேன். கைப்பையில் இருந்த பேடை வெளியே எடுக்க முடியவில்லை. எடுத்தால், அது இல்லாததுதான் காரணம் என்று நானே சொல்வதுபோல் ஆகிவிடும். எடுக்காமல் வந்தால் அந்தக் காலுக்குப் பேடு இல்லாமலே போகும். கதவுவரை வந்தும் முடிவு செய்ய முடியவில்லை. பிரிக்காத அந்த ஜோடி இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்த ஒரு மாதத்தில் அவள் அப்படித் தூங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் கட்டு பிரித்தாயிற்று என்று எங்கள் பயிற்சியாளர் சொன்னார். நடக்கிறாளாம். மைதானத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டேன். "தெரியலக்கா, டெம்போவுல பாக்கல," என்றார். இரண்டு முறை அந்த அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். காலைப் பற்றி மட்டும் பேசினோம். ஆட்டத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் மகள் ஆடுகிறாள். வயிற்றுவலி இல்லை. பந்து வந்தால் கையை முகத்துக்கு முன்னால் தூக்குவதும் இல்லை. ஆனால் எதிரில் ஒரு பெண் பந்தை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி நிற்கும்போது, அவள் ஓடிக்கொண்டே ஒரு கணம் கயிற்றுப் பக்கம் திரும்பி என்னைப் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்தில் பந்து போய்விடுகிறது. "ஏய், அம்மாவ அப்புறம் பாரு, பந்தப் பாரு!" என்று அதே அப்பா கத்துகிறார். போ என்று தலையசைப்பதா, வேண்டாம் என்பதா என்று எனக்குத் தெரிவதில்லை. பின்வரிசையில் போய் நின்றும் பார்த்தேன். அங்கேயும் தேடிப் பார்த்தாள். இப்போதெல்லாம் அவள் திரும்பும்போது நான் போ என்றும் வேண்டாம் என்றும் காட்டாமல், அவளே முடிவு செய்யட்டும் என்று, அவள் கண்ணைப் பார்த்தபடி, கைகளைக் கட்டிக்கொண்டு, அசையாமல் நிற்கிறேன்.